பின் இருக்கையில் படுத்துப் பார்த்தவர்

டொக்டர் வீட்டு முற்றத்தில் நின்ற சாம்பல் நிறக் காரின் பின்கதவுக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. செருப்பைக் கழற்றி மண்ணில் விட்டுவிட்டு, கண்ணை மூடி, பின் இருக்கையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார் மாமா. அம்மாவின் தம்பி. டொக்டரின் மனைவி கொண்டுவந்த தேநீர் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. கார் பார்க்கப் போன வீட்டில், வாங்கலாமா வேண்டாமா என்று வாக்குச் சொல்லும்வரை மாமா பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார். குடித்தால் நாக்கு விற்கிறவர் பக்கம் சாய்ந்துவிடுமாம். அப்பா பொறுமை இழந்து, "என்ன, நித்திரையோ?" என்று கேட்டார். "பொறுங்கோ அத்தான், அக்கா படுக்கப்போற இடமெல்லோ," என்று கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது.

இப்போது என் மகன் ஒரு கார் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் கணினியின் முன்னால் குந்தியிருக்கிறான். எந்த வேகத்தில் எவ்வளவு சத்தம், இருக்கைக்கு எந்தத் தோல் என்றெல்லாம் யாரோ முன்பின் தெரியாதவர்கள் அவனுக்குச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தை ஒட்டிய வேலணைத் தீவில் எங்களுக்கு மாமா இருந்தார். வாடகைக் கார் ஓட்டியவர். தீவில் யார் கார் வாங்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டின் உட்புறத்தில் விரலை விட்டு உப்புத் தின்ற இடங்களைத் தடவிப் பார்ப்பார். என்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, உடனே திரும்ப ஸ்டார்ட் எடுத்துப் பார்ப்பார். பெரிய கார் என்றால் பின் இருக்கையில் படுத்தும் பார்ப்பார். தீவில் பெரிய கார் வாங்குகிறவர்கள் பவனி போவதற்கு வாங்குவதில்லை, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குத்தான் வாங்குகிறார்கள் என்பது அவருடைய கணக்கு.

எங்கள் வீட்டிலும் அதுதான் நிலைமை. எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் அம்மாவுக்கு முதுகெலும்பில் நோய் கண்டது. வாரம் ஒருமுறை யாழ்ப்பாணத்தில் கிளினிக். மத்தியானத்துக்குள் போய்ச் சேராவிட்டால் ஊசி இல்லை. ஊசி தவறினால் அந்த வாரம் முழுவதும் வீடு உறங்காது. குழி விழுந்த தெருவில், கம்பி வெளியே தள்ளிய வாடகைக் கார் இருக்கையில், அம்மா படும் பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் அப்பா டொக்டரின் காரில் கண் வைத்தார். டொக்டர் பிள்ளைகளிடம் வெளிநாட்டுக்குப் போகப்போகிறார். முன்பக்கம் மெருகேற்றிய மரப்பலகை. கதவைச் சாத்தினால் சத்தமே கேட்காது. அப்பா மயங்கிப்போனார். மாமாவும் ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை. "சாமான் திறம். ஆனா அக்காவை ஒருக்கா ஏத்திக்கொண்டு போய்வந்துதான் சொல்லுவன்," என்றார். டொக்டர் மறுநாள் கிளினிக்குக்குக் காரைக் கொடுத்துவிட்டார்.

காலையில் அப்பா ஒரு காரியம் செய்தார். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் வண்டியில் வரும். குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும் அதைத் தொடுவோம். அந்தத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக் காரைக் கழுவி, துணியால் துடைத்து, முன்னால் சந்தனமும் பூவும் வைத்தார். "எனக்கு ஒருநாளும் இப்பிடித் தண்ணி வார்க்கேல்லை," என்று அம்மா கட்டிலில் இருந்தபடி சிரித்தார்.

மாமா வந்தார். முகம் கறுத்துப்போயிற்று. "ஏன் அத்தான் கழுவினனீங்கள்?"

"கோயிலடியாலை போற காரை ஊத்தையோடை கொண்டுபோறதே?"

வாடகைக் கார்க்காரர்கள் அந்த வருடம் கார் கழுவுவதையே விட்டிருந்தார்கள். உப்புப் புழுதி படிந்த காரை இராணுவமும் திரும்பிப் பார்க்காது, வாகனம் கேட்டு வரும் இயக்கப் பெடியளும் பார்க்கமாட்டார்கள். அதற்குமேல் பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்கவில்லை.

அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. தெருவில் இருந்த குழிகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அல்லைப்பிட்டி தாண்டும்போது அம்மா நித்திரையாகிவிட்டார். மாதக்கணக்கில் பகலில் அவர் உறங்கி நான் பார்த்ததில்லை. அப்பா திரும்பிப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார்.

பண்ணைப் பாலத்தின் யாழ்ப்பாணப் பக்கத் தொங்கலில் இராணுவச் சென்றி. எங்களுக்கு முன்னால் போன மீன் லொறியைக் கை காட்டி விட்டார்கள். எங்களை மறித்தார்கள். ஒரு சிப்பாய் காரைச் சுற்றி வந்து, பளபளத்த என்ஜின் மூடியில் விரலால் கோடு கீறினான். யாருடைய கார்? டொக்டருடையது. டொக்டர் எங்கே? உங்களிடம் எப்படி வந்தது? மாமா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பதிலும் இன்னொரு கேள்வியைக் கொண்டுவந்தது. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். நிற்க முடியாத அம்மாவைத் தூக்கி இறக்கினோம். பின் இருக்கையைக் கழற்றித் தார்த் தெருவில் போட்டார்கள். கிளினிக் அட்டையைக் காட்டுவோம் என்று அப்பா திடீரென்று சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஒரு சிப்பாயின் துவக்கு அவர் நெஞ்சுக்கு நேரே வந்தது. "அப்பா, கையை எடுக்காதேங்கோ!" என்று நான் கத்தினேன். கை பைக்குள்ளேயே நின்றது. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. அந்தச் சிப்பாயும் பயந்துதான் இருந்தான். ஓரடி பின்வாங்கி நின்றான். வயதான ஒருவன் வந்து தானே அட்டையை உருவி எடுத்துப் பார்த்தான். அதற்குள் அம்மா தெருவில் சரிந்திருந்தார். உப்புப் புழுதி படிந்த வாடகைக் கார்கள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியை அடைந்தபோது கிளினிக் முடிந்துவிட்டது. அம்மாவை வார்டில் படுக்க வைத்தார்கள். கட்டிலடியில் வைத்து மாமா வாக்குச் சொன்னார்: "கார் திறம் அத்தான். ஆனா வேண்டாம். எங்களுக்கு ஆரும் திரும்பிப் பாராத கார்தான் சரி." அம்மா தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தோம். கண்ணைத் திறந்து, "அதிலை வரேக்கை ஒரு நோவும் தெரியேல்லையடா தம்பி," என்றார். மாமா எழுந்து வெளியே போனார்.

அடுத்த வாரம் மாமா கூட்டாளி ஒருவரின் பழைய காரைக் கொண்டுவந்தார். ஒரு கதவு கயிற்றால் கட்டியிருந்தது. அம்மா ஒன்றும் கேட்காமல் இரண்டு தலையணைகளை எடுக்கச் சொல்லிவிட்டு ஏறினார். குழிகள் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. சென்றியில் இருந்தவன் எங்களை நிமிர்ந்தும் பார்க்காமல் கையை அசைத்தான். அன்று நேரத்துக்கே போய்ச் சேர்ந்தோம். வழி முழுவதும் அம்மா தன் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்து வைத்திருந்தார், முன்னால் இருந்த இருவருக்கும் சத்தம் கேட்கக்கூடாது என்று.