தை மாதத்துக்கு வேண்டிய காற்று

அத்தா, என் தகப்பனார், காலமான பிறகு, கூத்தாநல்லூருக்கு வெளியே இருந்த எங்கள் அரிசி ஆலையை என் மனைவிதான் நடத்தினாள். நான் வளைகுடாவில் ஓர் எரிவாயு நிலையத்தில் வேலையில் இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் போனில் பேசுவோம். மின்வெட்டு கடுமையாக இருந்த வருடங்கள் அவை. ஆலைக்கு இவ்வளவுதான் என்று மின்வாரியம் அளவு வைத்திருந்தது. மாலையில் நெல் உலர்த்தும் மோட்டாரைப் போடவே கூடாது. அவித்த நெல் உலராமல் கிடந்து புளித்த வாடை அடிக்கும். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, "காத்தாடி கரண்ட் வாங்கலாம்னு இருக்கேங்க" என்றாள்.

காற்றாலைக் கம்பெனி ஒன்றில் கொஞ்சம் பங்கு வாங்கினால் அதன் மின்சாரத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். வாரியத்தின் கம்பி வழியாகவே வரும். வாரியத்தின் அளவுக்கு மேல், மாலையிலும் கிடைக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது.

"கேஸ்னா குழாயத் திறந்தா வரும். காத்த யாரும்மா நம்புறது? ஆடியில அடிக்கிற காத்து தை அறுவடைக்கு எப்படி உதவும்?"

"நீங்க லீவுல வரும்போது அந்தக் கம்பெனிக்காரர வரச் சொல்றேன். பக்கத்துல உக்காருங்க, அது போதும்."

வைகாசியில் வந்தேன். கம்பெனிக்காரர் ஆலை அலுவலகத்தில் என்னைப் பார்த்தே பேசினார். ஒப்பந்தத் தாளை என் பக்கம்தான் நகர்த்தினார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவள் தாளை எடுத்துப் புரட்டினாள்.

"ஆடி, ஆவணியில வர்ற கரண்ட்ட அப்பவே எங்களால எடுக்க முடியாதுங்க. சம்பா நெல்லு வர்றது தையிலதான். வாரியத்துல சேத்து வெச்சு அப்புறம் எடுத்துக்கலாமாமே? சேத்து வெச்சது எங்களுக்குத்தான்னு இதுல எங்க இருக்கு?"

அவர் தேடினார். இல்லை. "எல்லாருக்கும் இதே ஃபார்ம்தான் மேடம்."

"மத்தவங்கள்லாம் பஞ்சாலைக்காரங்க. வருஷம் பூரா ஓட்டுவாங்க. எங்களுக்குத் தையும் மாசியுந்தான்."

அவர் உதவிக்கு என் முகத்தைப் பார்த்தார். "அவங்களக் கேளுங்க" என்றேன்.

அவர் போன பின் நெற்களத்தில் நடந்தோம்.

"இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டே?"

"திருவாரூர் வாரிய ஆபீசுக்கு நாலு தடவ போனேன். அங்க ஒரு இஞ்சினியரம்மா பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க. நீங்க நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்குற நேரமா இருக்கும்னு உங்களுக்குப் போன் பண்ணல."

குறையாகச் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். களத்தில் ஆட்கள் இருந்ததால் உடனே விடுவித்துக்கொண்டாள்.

அவள் கேட்ட வரியைச் சேர்த்துப் புதுத் தாள் வந்தது. கையெழுத்துப் போட்டாள். காற்றாலை எல்லாக் கஷ்டத்தையும் தீர்த்துவிடவில்லை. லைனே போய்விட்டால் அந்த மின்சாரமும் வராது. ஆனாலும் அந்தத் தையில் மாலையிலும் மோட்டார் ஓடியது. அவித்த நெல் வாடையில்லாமல் உலர்ந்தது.

அடுத்த லீவில் கயத்தாறு பக்கம் போய்க் காற்றாலைகளைப் பார்த்தோம். கல்யாணமாகி நாங்கள் இருவர் மட்டும் போன முதல் பயணம். அவள் முக்காடு நிற்காமல் பறந்தது. முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரேயடியா எப்பங்க வருவீங்க?" என்று கேட்டாள்.

மறுவருடம் வந்துவிட்டேன். ஆலையில் கொதிகலனை நான் பார்த்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அவள்தான்.