துண்டு திணித்த கிடார்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆயுத பூஜை மாலையில், நெய்வேலி டவுன்ஷிப் மைதானத்தில் நடந்தது இது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

அப்பா முத்தாண்டிக்குப்பம் பக்கம் கூலி வேலை செய்தவர். மைன்ஸில் கான்ட்ராக்டில் சேர்ந்து, பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸும் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

கிடார், என்ஜினீயர் மகளான என் பள்ளித் தோழியினுடையது. அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். அவள் அப்பாவுக்கு மாற்றலானபோது கிடாரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு சொல்லித்தர ஆளில்லை. ரேடியோவில் கேட்டதை விரலில் தேடிப் பிடிக்க வேண்டும். சில நாட்கள் ஒரு வரிகூட நகராது. விட்டுவிடலாம் என்று தோன்றும். அப்பாவிடம் சொன்னேன்.

"புடிச்சா போறது, புடிக்காட்டி வூட்ல குந்திகினு இருக்கறதுன்னா அது டூட்டியாம்மா? சங்கு ஊதினா போவணும். அவ்ளோதான்."

அன்றிலிருந்து மைன்ஸின் மதியச் சங்கு ஊதியதும் கிடாரோடு உட்கார்ந்துவிடுவேன், மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்பா என்னைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னாம்மா, டூட்டி முடிஞ்சிச்சா?" என்பதுதான்.

ஒரே சிக்கல் சத்தம். ஷிப்டு ஊரில் எந்த நேரத்திலும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அப்பாவுக்கு நைட் ஷிப்டு இல்லாத வாரம், ஒட்டிய வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்டு. கொஞ்சம் ஓங்கி மீட்டினால் சுவரைத் தட்டுவார். "ஏம்மா, மனுசன் தூங்க வேணாமா?" ஆகவே கம்பிகளுக்கு அடியில் ஒரு பழைய துண்டைத் திணித்துவிடுவேன். டப் டப் என்று மட்டும் கேட்கும். மீதியை மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். இரண்டு வருடம் இப்படித்தான் போனது. காதில் விழாமலே வாசிப்பது எனக்குப் பழகிப்போனது.

டவுன்ஷிப்பில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அதன் தலைவர் ஆபீஸில் கிளார்க். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார். பழைய கிடார்க்காரருக்கு இனி ஷிப்டு ஒத்துவராது, நீதான் வாசிக்க வேண்டும் என்றார். ஒத்திகையில் குழுவின் எலக்ட்ரிக் கிடாரைத் தந்தார்கள். துண்டில்லாமல், ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, முழுப்பாட்டும் வாசித்தேன். அவர் தலையாட்டினார். 'பெண் கிடார் கலைஞர்' என்று போஸ்டர் ஒட்டினார்கள். அப்பா அதை யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார்.

ஆயுத பூஜை அன்று பட்டுப்புடவையில் என்னை மேடையின் முன்வரிசையில் நிறுத்தினார்கள். அப்பா ஷிப்டு மாற்றிக்கொண்டு, தன் செக்‌ஷன் ஆட்களோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு பிரமாதமாகப் போனது. டிரம்ஸ் இரைச்சலில் என் கைக்குக் கீழே எதுவும் கேட்கவில்லை. பெரிய ஸ்பீக்கரிலிருந்து கிடார் கேட்டது. கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு கம்பி அறுந்தது. திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

கிடார் நிற்கவில்லை. ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டே இருந்தது.

என் கிடாரிலிருந்து போன ஒயரைப் பார்வையால் தொடர்ந்தேன். திரை இடுக்கு வழியே தெரிந்தது: எதிலும் மாட்டாமல், பின்னால் ஒரு மூங்கிலில் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் முக்காலி போட்டுப் பழைய கிடார்க்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் தலைவரிடம் போனேன். "சார், ஒத்திகையில நான் நல்லாத்தானே வாசிச்சேன்?"

"யாரும்மா இல்லன்னா? மேடையில பொம்பளப் புள்ள பயந்து நின்னுட்டா என் மானம் போயிடும்ல. ஜனம் உன்னப் பாக்கத்தான் வந்திருக்கு. கேக்கவா வந்திருக்கு? போய் நில்லு, கைய ஆட்டு."

"ஒரு பாட்டுக்காவது ஒயர மாட்டுங்க சார்."

"அடுத்த வருசம் பாப்பம்."

நான் கிடாரை மேடை முன்வரிசையிலிருந்த நாற்காலியில் எல்லோர் கண்ணிலும் படும்படி சாய்த்து வைத்தேன். கீழே இறங்கி அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அடுத்த பாட்டு தொடங்கியது. நாற்காலியில் கிடக்கிற கிடாரைக் கூட்டம் பார்த்தது, ஸ்பீக்கரில் கிடாரைக் கேட்டது. முதலில் ஒரு விசில். பிறகு மைதானம் முழுக்கச் சிரிப்பு.

குழுவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னாப்பா, ஒம் பொண்ணு எறங்கியாந்துட்டா, கிடாரு தானா வாசிச்சிகினு கீது."

மறுநாள் கம்பெனி பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் அதே பேச்சு. ஏமாற்றியது குழு என்று யாரும் சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாத பெண்ணைப் புடவை கட்டி மேடையேற்றிவிட்டார்கள் என்றுதான் சொன்னார்கள். அந்தக் குழு அதற்குப் பிறகும் எத்தனையோ கச்சேரி செய்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

ஆனால் அதெல்லாம் பெரிதில்லை. அன்று மைதானத்திலிருந்து திரும்பி நடக்கும்போது, பாதி வழியில் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"ஒனக்கு நெசமாவே வாசிக்கத் தெரியுமாம்மா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. தினமும் டூட்டி முடிந்ததா என்று கேட்டவர், நான் வாசித்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் தூக்கம் கெடாமலிருக்க நான்தானே துண்டு திணித்து வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் அவருக்கு நைட் ஷிப்டு தொடங்கியது. முதல் நாள் காலையில் வந்து படுத்தார். சங்கு ஊதியதும் துண்டை உருவி எறிந்துவிட்டு வாசித்தேன். பக்கத்து வீட்டில் யாரோ சுவரைத் தட்டினார்கள். நிறுத்தவில்லை. எட்டிப் பார்த்தபோது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கினாரா, கேட்டாரா, தெரியாது. எழுந்து, முகம் கழுவி, சோறு சாப்பிட்டு, ஷிப்டுக்குப் போனார். டூட்டி முடிந்ததா என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

நான் மட்டும் ஒருநாளும் டூட்டியை விடவில்லை. உற்சாகம் வற்றிப்போன நாளிலும் என்னைக் கிடாருக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைப்பது எந்தக் கைதட்டலும் இல்லை, வழியில் அப்பா கேட்ட அந்த ஒரு கேள்விதான்.