விக்கற வீட்டுல சாவு ஆவக்கூடாது

வீடு விக்கறதைப் பத்திப் பானுப்ரியாவுக்குப் புத்தி சொல்லாத ஆளு ஆரணியில ஒருத்தர்கூட பாக்கி இல்ல. பால்காரர் சொன்னாரு, ரேஷன் கடை வரிசையில நின்னவங்க சொன்னாங்க, சொந்தமா ஒரு குடிசைகூட இல்லாதவங்க எல்லாம் சதுர அடிக் கணக்கு சொன்னாங்க. அடுத்தவன் வீட்டை விக்க யோசனை சொல்றதுன்னா அல்வா சாப்பிடற மாதிரிதானே! அவ எல்லாருக்கும் தலையாட்டிகினு இருந்தா. தலையாட்ட மட்டும்தான் அப்போ அவளுக்குத் தெம்பு இருந்துச்சு.

விசயம் இதுதான். அவ புருசன் விக்னேஷுக்குக் கல்லீரல் போச்சு. களம்பூர் ரைஸ் மில்லுல லாரி ஓட்டறவன். டிரைவருக்குக் கல்லீரல் போச்சுன்னா ஊரு என்னா பேசும்? "நல்லா ஊத்திகினு இருந்திருப்பான்"னு பேசும். பக்கத்துல ஒருத்தன் குடிச்சாலே எழுந்து போற மனுசன் அவன். பானு டாக்டருங்க சொன்னதை மட்டும் கெட்டியா புடிச்சிகினா: அவ கல்லீரல்ல ஒரு துண்டு எடுத்து அவனுக்கு வைக்கலாம், பொருந்துது, பொழைச்சிடுவான். காப்பீட்டு அட்டைக்கு மேல ஆவற செலவுக்கு வீட்டை வித்தாவணும். அதுவும் ஜல்தியா. மாசம் திரும்பிட்டா எதை வெச்சும் பிரயோஜனம் இல்லைன்னுட்டாங்க.

உருப்படியா யோசனை சொன்னது புரோக்கர் ஜெயவேல் ஒருத்தன்தான். வண்டியை விட்டு எறங்கினதும் வாசல்லயே நின்னு மூக்கை உறிஞ்சினான்.

"வீடு பாக்க வர்றவங்க கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி மூக்காலதான் பாப்பாங்க தங்கச்சி. மருந்து வாடை வருது. ஜன்னலைத் தொற. பழைய துணி, ஒடஞ்ச சேரு, தறிக் கட்டை, எல்லாத்தையும் தூக்கி வெளிய போடு. ரூம்பு காலியா இருந்தா பெருசா தெரியும். ஒழுகற எடத்தை மறைச்சி வெள்ளையடிக்காத. ரிப்பேர் பண்ணிட்டு அடி. மறைச்சா அடுத்த மழையில உன் பேரு நாறும், கூட என் பேரும் நாறும். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம், வரி ரசீது எல்லாம் ஒரே பையில இருக்கணும். கேட்டப்புறம் தேடிகினு நின்னா சந்தேகம் வந்துடும். வீடு உன் புருசன் பேர்லதானே? அவரு ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடியே உன் பேருக்குப் பவர் எழுதி வாங்கிடு. முக்கியமா, அவசரம்னு மட்டும் மூஞ்சில காட்டிக்காத. அவசரத்துல விக்கறவன் கழுத்துல துண்டைப் போட்டுதான் வெலை பேசுவாங்க."

அத்தனையும் செஞ்சா. விக்னேஷை வேலூர்ல சேத்து, கூட அவன் தங்கச்சி சசிகலாவைத் தொணைக்கு உக்கார வெச்சிட்டு, பானு மட்டும் ஆரணியில தங்கினா. பகல்ல சேவூர்ல கூலிக்குத் தறி நெய்யறதை நிறுத்திட்டு, தன் கையாலயே செவுத்தைச் சொரண்டினா, சுண்ணாம்பு அடிச்சா. புள்ளைங்க இல்லாத வீடு. ஒத்தாசைக்குன்னு ஒரு நாதி இல்ல. மூஞ்சில அவசரத்தைக் காட்டாம இருக்கறதுதான் பெரிய வேலையா இருந்துச்சு. கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பாத்தா. பாவம், சிரிப்புன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

வாங்க ஆள் அமைஞ்சப்புறம் ஜெயவேல் வந்து கடைசியா ஒரு யோசனை சொன்னான். அதைச் சொல்றதுக்கு முன்னாடி அவன் உள்ரூம்பைப் பாத்துட்டு, குரலைத் தாழ்த்திகினான்.

உள்ரூம்புல மாமனார் வேணுகோபால் படுத்திருந்தாரு. அம்பது வருசம் பட்டு நெய்ஞ்ச மனுசன். இடுப்பு ஒடஞ்சு, அப்புறம் பக்கவாதமும் வந்து, மூணு மாசமா பேச்சு இல்ல. கண்ணை மட்டும் தொறப்பாரு, கஞ்சி குடுத்தா முழுங்குவாரு. வீட்டை விக்கப் போறோம்னு மவன் வந்து சொன்ன அன்னைக்கு, கண்ணை மூடிக்கினு செவுத்துப் பக்கமா மூஞ்சைத் திருப்பிகினாரு. கோவமா, வலியா, யாருக்குத் தெரியும்? விக்னேஷ் அந்த மூஞ்சைப் பாத்துகினே அழுதுட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினான்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காத," ஜெயவேல் சொன்னான். "விக்கற வீட்டுல சாவு ஆவக்கூடாது. அதுலயும் வர்ற திங்கக்கிழமை அவிட்டம் பொறக்குது. வெள்ளிக்கிழமை காலையில பத்தே முக்காலுக்குத்தான் ரேவதி முடியுது. அந்த அஞ்சு நட்சத்திரத்துல பெரியவரு உயிர் போச்சுன்னா அடைப்பு. ஆறு மாசம் ரூம்பைப் பூட்டணும், செவுத்தை இடிச்சுப் பொணத்தை எடுக்கணும்னு ஊரே வந்து நிக்கும். அப்புறம் உன் வீட்டை எவன் வாங்குவான்?"

"வாங்கற பார்ட்டி சர்ச்சுக்குப் போற வேதக்காரங்கன்னு சொன்னீங்களேண்ணா. அவுங்களுக்கு நட்சத்திரம் எல்லாம் உண்டா?"

"வாத்தியாரு கிருபாகரன் வேதக்காரர்தான். போன வருசம் இன்னொரு வேதக்காரர், அடைப்பு வீடுன்னு தெரிஞ்சதும் அட்வான்சே வேணாம்னு ஓடிட்டாரு. நம்மூர்ல பயத்துக்கு மதம் கெடையாதும்மா. வெள்ளிக்கிழமை ஒம்போது மணிக்கு வந்து அக்ரிமெண்ட் போட்டுப் பணம் குடுக்கறாங்க. அந்த அஞ்சு நாளைக்கு மட்டும் பெரியவரை ஆஸ்பத்திரியில போட்டுடு."

அவ ஆம்புலன்ஸைக்கூட கூப்பிட்டுட்டா. வந்துச்சு. ரெண்டு பேரு தூக்கப் போனாங்க. பேச்சில்லாத அந்த மனுசன், உசுரு இருந்த இடது கையால கட்டில் சட்டத்தைப் புடிச்சாரு பாரு, வெரலை ஒவ்வொண்ணா பிரிக்கவேண்டியதாப் போச்சு. மூணாவது வெரலைப் பிரிக்கும்போது பானு, "வேணாங்க, விட்டுடுங்க"ன்னுட்டா. புள்ளை இல்லைன்னு சொந்தக்காரங்க வாயைத் தொறந்தப்போ எல்லாம், "எம் மருமவளைப் பேசறவன் எவன்டா?"ன்னு எழுந்து நின்ன மனுசன். அவரை இழுத்துகினு போயி எங்கேயோ போடறதுக்கு அவளுக்கு மனசு வரல.

அப்புறம் என்னா, அஞ்சு நாளும் காவல்தான். அவிட்டம் போச்சு, சதயம் போச்சு. ஸ்பூன் ஸ்பூனா கஞ்சி ஊத்தி, "மாமா, வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்துடு மாமா, அப்புறம் உன் இஷ்டம்"னு காதுல சொல்லிகினே இருந்தா. ஒரு மனுசனைப் பாத்து இப்படிச் சொல்றமேன்னு அவளுக்கே வெக்கமா இருந்துச்சு. ஆனாலும் சொன்னா.

வெள்ளிக்கிழமை விடிஞ்சு, அவ வாசல் தெளிச்சிட்டு உள்ள வந்தா, மாமா போய்ச் சேந்திருந்தாரு.

மூக்குல கை வெச்சுப் பாத்தா, நெஞ்சுல காதை வெச்சுப் பாத்தா. "ஐயோ மாமா"ன்னு தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. முந்தானையை வாயில திணிச்சிகினா. அழுதா பக்கத்து வீட்டு சடையப்பன் ஓடி வருவாரு. அவரு வந்தா தெருவே வரும். தெரு வந்தா முதல் கேள்வி, "எந்த நட்சத்திரம்?" அவ்வளோதான், விக்னேஷ் கதை முடிஞ்சுது.

பத்தே முக்கால். அது வரைக்கும் மாமா உயிரோடதான் இருக்காரு. அவ முடிவு பண்ணிட்டா.

கண்ணை மூடி விட்டா. வாய் தொறந்திருந்துச்சு. துணி போட்டுக் கட்டினா பொணம்னு தெரிஞ்சிடும்னு, தாடைக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு, போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டா. செவுத்துப் பக்கமா சாச்சிப் படுக்க வெச்சா. நெத்தியில தெனமும் பூசற மாதிரி விபூதி பூசினா. ஒரு டம்ளர்ல கஞ்சியை ஊத்திப் பக்கத்துல வெச்சா. கை அது பாட்டுக்கு வேலை செஞ்சுது. மனசு, "அடிப் பாவி, அடிப் பாவி"ன்னு அடிச்சிகினு கெடந்துச்சு.

"என்னா பானு, பெரியவரு எப்பிடிக் கீறாரு?" மதில் அந்தப் பக்கத்துல இருந்து சடையப்பன் தெனமும் கேக்கற கேள்வி.

"தூங்கறாரு சித்தப்பா. ராத்திரி சரியா தூங்கல."

"தூங்கட்டும், தூங்கட்டும். எழுப்பாத."

அவ கொல்லையில போயி, தண்ணித் தொட்டி ஓரமா உக்காந்து, மூஞ்சில தண்ணியை அள்ளி அள்ளி அடிச்சிகினா.

எட்டு மணிக்குப் போன் அடிச்சுது. சசிகலா பேசினா. "அண்ணி, அண்ணனுக்கு ராவெல்லாம் தூக்கம் இல்ல. அப்பாகிட்ட பேசியே ஆவணுமாம். போனை அவர் காதுல வைங்களேன்."

"தூங்கறாரு சசி."

"தூங்கினா என்னாடி?" விக்னேஷ் குரல். மூச்சு வாங்குது. "காதுல வெய்யி பானு. அவரு கேட்டா போதும்."

மாட்டேன்னு எப்படிச் சொல்லுவா? ஸ்பீக்கரைப் போட்டு, அந்தச் சில்லிட்ட காதுகிட்ட போனைக் கொண்டுபோனா.

"அப்பா. நான்தாம்பா. நீ கட்டின வீட்டை விக்கறேம்பா. வேற வழி தெரியலப்பா. அன்னைக்கு மூஞ்சைத் திருப்பிகினியே, அதுவே கண்ணுல நிக்குது. என் மேல கோவமாப்பா? உள்ள எடுத்துகினு போனா திரும்பி வருவனோ மாட்டனோ. கோவம் இல்லைன்னா, ‘ம்’னு ஒரு சத்தம் குடுப்பா. ஒரே ஒரு சத்தம்."

ரூம்புல ஈ பறக்கற சத்தம் மட்டும்தான்.

"அப்பா... அப்பா, கோவமாத்தான் கீறியா?" அவன் குரல் ஒடஞ்சு போச்சு.

பானு குனிஞ்சு, மாமனார் தலையணையில தன் தலையையும் வெச்சு, அடித்தொண்டையில இருந்து, இழுத்து, "ம்ம்..." அப்படின்னா.

அந்தப் பக்கம் ஓன்னு அழுதான் விக்னேஷ். "கேட்டியாடி சசி? அப்பா ம்-னாருடி! போதும்பா. எனக்கு இது போதும்." போன் கட்டாச்சு. அவ அதே தலையணையில கொஞ்ச நேரம் கெடந்தா. அந்தப் பக்கத்துல அவரு, இந்தப் பக்கத்துல இவ. தானும் செத்தாச்சுன்னுதான் அவளுக்குத் தோணுச்சு.

சொன்னபடி ஒம்போதுக்கு வந்துட்டாங்க. வாத்தியாரு கிருபாகரன், அவரு சம்சாரம் ஹெப்சிபா, பின்னாடியே பத்திரப் பையோட ஜெயவேல். பானு சிரிச்சா. காபி போட்டா. வாத்தியாரு நல்ல மனுசன், ஒழுகின எடத்தைக் காட்டினப்போ, "நீங்களே காட்டிட்டீங்களே, சந்தோசம்"னாரு. ஆம்பளைங்க ரெண்டு பேரும் கூடத்துல அக்ரிமெண்ட்டை விரிச்சு வரி வரியா படிச்சிகினு இருந்தாங்க. கெடியாரத்துல முள்ளு நகரவே இல்ல.

ஹெப்சிபா மட்டும், "ரூம்பை ஒருதரம் பாத்துடறேன்"னு எழுந்தாங்க.

"மாமா தூங்கறாருங்க..."

"எழுப்ப மாட்டேம்மா. வயசானவங்களைப் பாக்காம போறது மரியாதை இல்ல."

அவங்க ஆஸ்பத்திரி நர்சுங்கறது பானுவுக்கு அந்த நிமிசம்தான் ஞாபகம் வந்துச்சு. ஜெயவேல் எப்பவோ சொல்லியிருந்தான். ஓடிப் போயி முன்னாடி நிக்கறதுக்குள்ள, அவங்க போர்வைக்குள்ள கையை விட்டு, பழக்க தோசத்துல மணிக்கட்டைப் புடிச்சிட்டாங்க. புடிச்ச கை அப்படியே நின்னுச்சு.

திரும்பிப் பாத்தாங்க. கதவைச் சாத்தினாங்க. "எப்போம்மா?"

பானு கால்ல விழுந்துட்டா. "சிஸ்டர், சொல்லிடாதீங்க சிஸ்டர். பத்தே முக்கால் வரைக்கும் ரேவதி. அதுக்கப்புறம் அஸ்வினி வந்துடும், அடைப்பு இல்ல. வீடு சுத்தமா இருக்கும் சிஸ்டர், உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. எம் புருசன் செத்துடுவாரு சிஸ்டர். உங்க புள்ளைங்க நல்லா இருக்கும்..." என்னா பேசறோம்னு தெரியாமலே பேசிகினு இருந்தா.

ஹெப்சிபா தரையிலயே உக்காந்து அவ ரெண்டு தோளையும் புடிச்சாங்க. "இதுக்காவா விடிஞ்சதுல இருந்து அழாம கீற? எங்களுக்கு நட்சத்திரம் எல்லாம் இல்லம்மா. தெனமும் சாவைப் பாக்கறவ நான். சாவு நடக்காத வீடு எந்த ஊர்ல கீது? எங்க வீட்டுக்காரரு மட்டும் என்னா, கேட்டா முட்டி போட்டு ஜெபம் பண்ணிட்டுக் கையெழுத்துப் போடுவாரு." எழுந்து வெளிய போயி புருசன் காதுல என்னவோ சொன்னாங்க. வாத்தியாரு எழுந்து வந்து, கட்டில்கிட்ட தலை குனிஞ்சு நின்னாரு. அப்புறம் கூடத்துக்குப் போயி, அக்ரிமெண்ட்ல கையெழுத்துப் போட்டாரு. ஜெயவேல் வாயைப் பொளந்துகினு நின்னான்.

அப்போ மணி ஒம்போதே முக்கால்கூட ஆவல. வீடு போச்சு, புருசன் பொழைச்சான். அந்தக் காலையில அவ பண்ணது ஒண்ணுத்துக்கும் அவசியமே இல்ல.

"இப்ப அழும்மா," ஹெப்சிபா சொன்னாங்க. "யாருக்கும் பயப்படாத. முதல்ல உன் வீட்டுக்காரருக்குச் சொல்லு. நெஜத்தைச் சொல்லு, விடியக்காலையே போயிட்டாருன்னு. இனிமே எதுக்குப் பொய்?"

பானு போனை எடுத்தா. "ஏங்க... மாமா போயிட்டாருங்க."

அந்தப் பக்கம், "அப்பா... அப்பா"ன்னு அவன் அழறது கேட்டுச்சு. அப்புறம், "எப்போடி?"

ஹெப்சிபா அவளையே பாத்துகினு நின்னாங்க.

"இப்பதாங்க," பானு சொன்னா. "அஞ்சு நிமிசம்கூட ஆவல."

"காலையில எங்கிட்ட பேசினாரேடி. கோவம் இல்லைன்னாரே."

"ஆமாங்க. கோவம் இல்லைன்னுதான் சொன்னாரு."

போனைக் கீழ வெச்சிட்டு மாமனார் கால்மாட்டுல உக்காந்தா. "என்னை மன்னிச்சுடு மாமா, உன் வாயால நான் பேசிட்டேன் மாமா"ன்னு அவ அலறினது சடையப்பன் வீடு வரைக்கும் கேட்டுச்சு. தெருவே ஓடி வந்துச்சு. அவ எதுக்கு மன்னிப்புக் கேக்கறான்னு ஒருத்தருக்கும் புரியல. வீட்டை வித்ததுக்குத்தான்னு நெனைச்சிகினாங்க.