கடலுக்குள் கட்டைவிரல்

கடலுக்குள் கட்டைவிரலைத் தூக்கினால் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை. 'மேலே போகணும்' என்று அர்த்தம். பவளப்பாறை பார்க்க வருகிறவர்களைப் பத்தொன்பது வருடமாக ஆழத்துக்குக் கூட்டிப்போகும் அக்கா, இதைப் படகில் தொண்டை கிழியக் கத்திச் சொல்வாள். அன்று காலை காற்று சிலிண்டர்களைச் சரிபார்த்த அவள் புருஷனே, எல்லாம் சரி என்று கட்டைவிரலைத்தான் காட்டினான்.

"உங்களுக்கே மண்டைல ஏறல, ஊருக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்!" என்று எரிந்து விழுந்தாள்.

பதினெட்டு மீட்டர் ஆழத்தில், கூட வந்த வங்கிக்காரர் ஓர் ஆமையைக் கண்டு கட்டைவிரலைத் தூக்கினார். கண்ணாடிக்குள் அவர் கண்கள் சிரித்தன. சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றைக் காட்டும் அவருடைய மானியில் முள் பாதியில் நின்றது. இது வெறும் சூப்பர்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் யார் காட்டினாலும் கேள்வி கேட்காமல் ஏற வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கையைப் பிடித்து, மெல்ல மெல்ல மேலே ஏற்றினாள். மூச்சு இழுக்க இழுக்க இறங்க வேண்டிய அந்த முள் வழி முழுக்க அசையவே இல்லை.

மேலே வந்ததும் அவர் வாய்க்குழாயைக் கழற்றிச் சண்டைக்கு வந்தார். "ஆமை சூப்பர்னுதானே காட்டினேன்! ஏங்க இழுத்துட்டு வந்தீங்க?"

அவள் அந்தக் குழாயைத் தன் வாயில் வைத்து இழுத்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை.

படகிலிருந்து புருஷன் எட்டிப் பார்த்து, எல்லாம் சரியா என்று கட்டைவிரலைத் தூக்கினான். "காத்து தீர்ந்துபோச்சு!" என்று கத்தி, முள் பாதியிலேயே நின்ற மானியை அவள் உயர்த்திக் காட்டினாள். அவன் விரல் தானாக மடங்கியது.