முப்பத்தேழாம் பெட்டி

வெங்காயக் கிடங்கில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. அழுகல் கண்ணுக்குத் தெரியும் முன்பே அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். அந்த ஆராய்ச்சி நிலையத்தில் பதினாறு வருடமாக அதே வேலை. மரப்பெட்டிகளைக் கிளறி, அழுகியதையும் முளைவிட்டதையும் பொறுக்கி, எண்ணிப் பதிவேட்டில் எழுதுவாள். பதினாறு வருடமாகத் தற்காலிகப் பணியாளர்தான். வீட்டில் கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு படுப்பார், வாடை ஒத்துக்கொள்ளாதாம்.

ஒரே நாளில் பிடுங்கி ஒரே கூரையின்கீழ் வைத்தாலும் ஒரு பெட்டி இரண்டே மாதத்தில் கூழாகும், இன்னொன்று கல்லு மாதிரி கிடக்கும். எல்லாம் பிறவிக்குணம். முப்பத்தேழாம் பெட்டியில் முதல் தடவை எட்டு மாதம் தாங்கியவை நூற்றுக்கு மூன்று. அவற்றை நட்டு விதை எடுத்து, அதில் தாங்கியதை மறுபடி நட்டு, இந்தத் தடவை நூற்றுக்கு அறுபத்தொன்று! அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். பெட்டியைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தது அவள்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி எடை போட்டதும் மிஞ்சிய நல்ல வெங்காயம் நிலையத்து உணவகத்துக்குப் போய்விடும். அதனால் எடை முடிந்த கையோடு முப்பத்தேழைத் தன் மேசைக்கடியில் தள்ளிவிடுவாள். ‘நடவுக்கு’ என்று ஒரு சீட்டு எழுதி ஒட்ட அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவள்தான் பக்கத்திலேயே இருக்கிறாளே!

இந்த வருடம் எடை முடிகிற நேரத்தில் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். அரங்கு நிறைய விருந்தினர்கள். "இந்தம்மா மூக்குதான் இங்க இருக்கிற பெரிய மெஷின்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பதினாறு வருடத்தில் முதல் கைதட்டல். உச்சி குளிர்ந்துபோனது அவளுக்கு. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று உட்காரவைத்தார்கள்.

தட்டில் வட்டவட்டமாக நறுக்கிய வெங்காயம் வந்தது. அந்த நெடி ஏறியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து சமையலறைக்கு ஓடினாள். சமையல்காரர் அவள் தங்கையின் கணவர். அவளே கெஞ்சி வாங்கிக்கொடுத்த வேலை அது.

"எந்தப் பெட்டி தம்பி?"

"இருக்கிறதுலயே நல்ல பெட்டியா பாத்து எடுத்தேன்க்கா. உங்களைக் கௌரவிக்கிற நாளாச்சே, சொத்தையப் போட முடியுமா?"

"ஒண்ணாவது மிச்சம் இருக்கா?"

"நாப்பது பேருக்கு எப்படிக்கா மிஞ்சும்?"

காலிப் பெட்டியை ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தாள். விதையும் ஒரு பொட்டலம்கூட இல்லை. இருந்ததையெல்லாம் போன பருவமே விதைத்தாகிவிட்டது.

விஷயத்தைப் போய்ச் சொன்னதும் அதிகாரி உச்சுக் கொட்டினார். "சாப்பிட்டோம்னு எழுதினா எனக்குத்தான் தலைவலி. எல்லாம் அழுகிப்போச்சுன்னு எழுதிடும்மா."

"அது அழுகாது சார்."

"உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நாளைக்குத்தான் எழுதலாம்னு இருக்கேன். யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். எழுதினாள். கைகூட நடுங்கவில்லை, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்கு அவமானமாக இருக்கிறது.

அடுத்த பருவத்தில் அவர் மாற்றலாகிப் போனார். நிரந்தர உத்தரவு வரவேயில்லை. புதிதாக வந்தவர் பதிவேட்டைப் புரட்டி, முப்பத்தேழாம் எண்ணைச் சிவப்பு மையால் அடித்தார்.

"மொத்தமா அழுகிப்போன ரகத்தையா இத்தனை வருஷம் கட்டிக்கிட்டு அழுதீங்க? இதை யாரு எழுதினது?"

"நான்தான் சார்" என்றாள்.