ஒற்றைக்கால் தாண்டல்

குத்தவைக்க முடியாததால் நின்றபடியே குனிந்து, மருத்துவமனைப் பயிற்சி அறையின் தரையை விரல் முட்டியால் தட்டுகிறார் டைல்ஸ்காரர். தாண்டல் சோதனைக்குப் போட்டிருக்கும் கோட்டிலிருந்து மூன்றாவது டைல்ஸில் கை நிற்கிறது. "டொக்குன்னு கேக்குது பாருங்க. அடியில கலவை பத்தல. எவனோ அவசரப்பட்டிருக்கான்." உட்காரச் சொன்னால் இரண்டு நிமிடம் தாங்காது. ஆறு மாதமாக வீட்டுத் தரையையும் இப்படித் தட்டித் தட்டி மனைவியின் உயிரை வாங்கியிருக்கிறார். "உங்க கால் சரியாவுறதுக்குள்ள எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்" என்பது அந்த அம்மாளின் கட்சி.

அன்று வேலையில், தோளில் டைல்ஸ் பெட்டியோடு, ஊன்றிய பாதத்தை அப்படியே விட்டு உடம்பை மட்டும் திருப்பினார். அந்த நொடியில் முழங்காலுக்குள் தசைநார் அறுந்தது. தொடையின் பின்புறத்திலிருந்து நார் எடுத்து, எலும்பில் துளைபோட்டு மாட்டியிருக்கிறார்கள். "பழைய பைப்பப் புடுங்கி வேற எடத்துல போட்ட மாதிரி" என்று கேட்காதவர்களுக்கும் விளக்குவார்.

வேலையில் ஆள் படு கறார். புதிதாகப் பதித்த அறையின் வாசலில் தரை மட்டம் பார்க்கும் தன் நாலடி ரசமட்டத்தைக் குறுக்கே வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். வீட்டுச் சொந்தக்காரரே வந்தாலும் விடமாட்டார். "காயட்டும் சார். இன்னைக்கு மிதிச்சுட்டு நாளைக்கு என்னைத் திட்டாதீங்க."

இன்று அந்த ரசமட்டம் பையிலிருந்து தலைநீட்டுகிறது. சோதனையில் தேறினால் இங்கிருந்து நேரே வேலைக்கு. ஒற்றைக்காலால் தாண்ட வேண்டும். நல்ல கால் போகும் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது ஆபரேஷன் கால் போக வேண்டும். இல்லையென்றால் இன்னும் மூன்று மாதம் வீடு.

நல்ல கால் மூன்று முறையும் இரண்டு டைல்ஸ் தாண்டியது, மயிரிழை பிசகாமல். ஆபரேஷன் கால் அதற்கு இரண்டு விரற்கடை குறைவு. அவர் பையை எடுக்கப் போனார். பயிற்சி தரும் பெண் தூரம் அளந்த டேப்பைச் சுருட்டவில்லை.

"அண்ணே, எல்லாருக்கும் கொஞ்சம் முன்னப் பின்ன விழும். உங்க நல்ல கால் மட்டும் எப்படி மூணு தடவையும் டைல்ஸ் கோட்டு மேலயே போய் நிக்குது?"

"கண் அளவும்மா. தொழில் அப்படி."

"நல்ல கால அடக்கித் தாண்டுறீங்க. யாரை ஏமாத்துறீங்க? இப்பவே வேலைக்குப் போய் மறுபடி கிழிஞ்சா, அப்புறம் எங்கேருந்து நார் எடுக்கறது?"

அவர் முகம் சிறுத்துப்போனது. கோட்டுக்குத் திரும்பி வந்து, நல்ல காலை முழுசாக விட்டார். மூன்றாவது டைல்ஸில் பாதியைத் தாண்டிப் போய் ஊன்றினார். காலடியில் டொக்கென்றது.

டேப்பை அவர் பார்க்கவில்லை; ஆபரேஷன் கால் எட்டுப் பங்குகூட வராது என்று கண் அளவே சொல்லிவிட்டது. போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்த ரசமட்டத்தை உருவி, தனக்கு முன்னால், இரண்டு கைப்பிடிகளின் மேல் குறுக்கே வைத்துக்கொண்டார்.