நியூட்ரல் திரேசியா

ராஜாக்காட்டில் வந்து திரேசியா என்று கேட்டால் எந்தத் திரேசியா என்பார்கள். நியூட்ரல் திரேசியா என்று கேட்டால் ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பிரேக் பட்டறைக்குக் கை காட்டுவார்கள். அந்தப் பட்டப்பெயரை அவள் தலையில் கட்டிய புண்ணியவான் குரியாச்சன். ஊர் நடுவில் பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் கடை, மாதா கோயிலில் முன்வரிசை, சலவை கலையாத வெள்ளைச் சட்டை.

திரேசியாவின் கணவன் அவுசேப்பு பிக்கப் ஓட்டினான். ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதை வழியாகப் போடிக்கு இறங்குவான். மலை டிரைவர்களுக்கு ஒரு பாழாய்ப்போன பழக்கம் உண்டு. இறக்கம் வந்தால் டீசலை மிச்சம் பிடிக்க, கியரை எடுத்துவிட்டு வண்டியை நியூட்ரலில் உருட்டிவிடுவார்கள். பிரேக் ஒன்றே முழுப் பாரத்தையும் பிடித்துப் பிடித்துக் கொதித்துப்போகும். அவுசேப்பு அந்த வேலைக்கே போகமாட்டான். இரண்டாம் கியரில் மாடு இறங்குவதுபோல இறங்குவான். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்தே அவனைத் திட்டுவார்கள். அவன் வண்டிதான் ஒரு வளைவில் பின்சக்கரம் இறுகி, சுழன்று, பள்ளத்தில் விழுந்தது.

சவப்பெட்டியை இன்னும் மூடக்கூட இல்லை. வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு குரியாச்சன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"எத்தனை வாட்டி சொல்லிட்டேன், நியூட்ரல்ல உருட்டாதடா அவுசேப்பேன்னு. கேட்டாத்தானே."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள், ஹார்ன் அடித்துத் திட்டியவர்களும்கூட; அன்றிலிருந்து அவள் நியூட்ரல் திரேசியா. அதற்கு முந்தின வாரம்தான் குரியாச்சன் கடையில் வாங்கிய பிரேக் ஷூவை அவுசேப்பு பின்சக்கரத்தில் மாட்டியிருந்தான். அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. குரியாச்சனுக்கு மட்டும் வந்திருக்கும். அதனால்தான் அவ்வளவு அவசரமாக வாயைத் திறந்தான், பாவி.

நொறுங்கிய வண்டியிலிருந்து அந்த ஷூவைக் கழற்றி வாங்கி, திரேசியா துணியில் சுற்றி வைத்தாள். வளைந்த இரும்பு தனி, அதன்மேல் ஒட்டியிருந்து சக்கரத்தைப் பிடிக்க வேண்டிய லைனிங் பட்டை தனி. அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. கோதமங்கலத்தில் ஒரு லைனிங் பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய், மெல்ல மெல்ல வேலையைக் கற்றுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. நல்ல ஒட்டாக இருந்தால் லைனிங் பிய்ந்தாலும் இரும்பில் செதில் செதிலாக மிஞ்சும். அவுசேப்பின் இரும்பு கழுவிய தட்டுபோல வழவழவென்று இருந்தது. ஒட்டவே இல்லை. கம்பெனிப் பெட்டிக்குள் போலிச் சரக்கு.

ஊரில் சொல்லிப் பார்த்தாள். "புருஷன் போன துக்கம், என்னத்தையாவது சொல்லும்" என்று உச்சுக்கொட்டினார்கள். அன்றோடு சொல்வதை விட்டாள். தாலியை விற்று, ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரேக் பட்டறை போட்டாள். குரியாச்சனை மன்னித்துவிடு மகளே என்று பங்குச் சாமியார் வந்து சொன்னபோது, டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

ஒரு கார்த்திகை மாதக் காலையில், புதுசாய் வேலைக்கு வந்த பைலி என்ற டிரைவர் ஒரு பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"சேச்சி, பின்னாடி ஷூ மாத்தணும். நல்ல சரக்காப் போடச் சொன்னாரு. நாளைக்கு முதலாளி மகன் லோடு எடுத்துக்கிட்டுப் போடிக்கு இறங்குறாரு."

"யாரு உன் முதலாளி?"

பைலி தலையைச் சொறிந்தான். "சொல்ல வேண்டாம்னாரு."

வண்டிக் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையை அவள் மாதா கோயில் முன்வரிசையில், குரியாச்சன் கையில் பார்த்திருக்கிறாள். நான்கு சக்கரத்தையும் கழற்றி, வண்டியைக் கட்டைமேல் ஏற்றினாள். "ஷூவ ஓனர் வந்து எடுத்துக் குடுக்கட்டும். அப்பத்தான் மாட்டுவேன்னு போய்ச் சொல்லு."

மதியம் குரியாச்சன் வந்தான். ஸ்டாண்டு முழுக்க டிரைவர்கள் கப்பக்கிழங்கும் மீனும் தின்றுகொண்டிருந்த நேரம். அவள் காத்திருந்ததும் அந்த நேரத்துக்குத்தான். மேசைமேல் இரண்டு ஷூவை வைத்தாள். ஒன்று அவள் பட்டறையில் அவளே லைனிங் ஒட்டியது. இன்னொன்று காலையில் ஆள் அனுப்பி அவன் கடையிலேயே வாங்கியது, பெட்டி பிரிக்காமல்.

"எது மாட்டட்டும், குரியாச்சன் சேட்டா?"

"என்னடீ வெளையாட்டு இது? உனக்குத் தெரியாததா, நல்லதாப் பாத்துப் போடு."

"நா எப்படிச் சொல்றது? வண்டி உங்களுது, இறங்கப்போறது உங்க மகன். இந்தா, உங்க கடைச் சரக்கு. வெலையும் கொறைச்சல். இதையே மாட்டிரட்டுமா?"

ஸ்பானரை எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் பிரிக்கப் போனாள். குரியாச்சன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அது வேண்டாம்."

"ஏன், அதுக்கென்ன?"

தின்றுகொண்டிருந்த கைகள் நின்றன. அவரவர் வண்டியில் யார் கடைச் சரக்கு ஓடுகிறது என்று அவரவருக்குத் தெரியும். ஒருவன் எழுந்து தன் ஜீப்பின் பின்சக்கரத்தைப் போய்க் குனிந்து பார்த்தான்.

"திரேசியா, உன் கால்ல வேணா விழுறேன். உன்னுதையே மாட்டு."

"கால்ல விழ வேண்டாம். அவுசேப்பு எந்த கியர்ல இறங்குனான்னு சொல்லுங்க."

அவன் உதடு அசைந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

"அன்னைக்கு முற்றத்துல நின்னு சொன்னீங்களே, அந்தத் தொண்டை எங்க போச்சு?"

"ரெண்டாவது கியர்ல," என்றான் குரியாச்சன், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவன் நியூட்ரல்ல உருட்டல. தப்பு என் சரக்குலதான்."

அவள் தன்னிடமிருந்த முதல் தரமான ஷூவையே மாட்டினாள். தானே ஓட்டிப் பார்த்துச் சாவியைக் கொடுத்தாள். அந்தப் பையன் பத்திரமாகப் போடி போய்ச் சேர வேண்டும் என்று அவளுக்கு நிஜமாகவே இருந்தது. குரியாச்சன் நெடுநாள் உயிரோடிருந்து, காற்று வாங்கும் கடையில் தினமும் உட்கார வேண்டும் என்றும் இருந்தது. இரண்டுமே நடந்தது.

அந்த வார ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் கைதொட்டுச் சமாதானம் கொடுக்கும் நேரம். குரியாச்சன் வரிசையை விட்டு இறங்கி வந்து, அவள் முன்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். திரேசியா அந்தக் கைகளைத் தாண்டி, பின்னால் நின்ற பைலிக்குச் சமாதானம் கொடுத்தாள்.